புழுக்குழியின் மூச்சு

தணிகாசலம் மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட தில்லைநாயகி அம்மைக்கு நாற்பத்து மூன்று.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வடக்கே, இமயத்தின் மடிப்பு ஒன்றில், தேவதாரு மரங்கள் முடிந்து பாறை தொடங்குகிற இடத்தில், கல்லை அடுக்கிக் கட்டிய நான்கு அறைகள். ஒரு மாட்டுக்கொட்டில். கொட்டிலை ஒட்டி ஏழெட்டுப் பாத்திகள். தெற்கிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட ஆறு பேர். மார்கழி பிறந்தால் கீழே இறங்கும் பாதையைப் பனி அடைத்துவிடும். அப்புறம் பங்குனியில்தான் புது மனித முகம்.

தணிகாசலம் அரக்கோணத்துக்காரர். முப்பத்தைந்து வருடம் நில அளவையராக இருந்தவர். சங்கிலி போட்டு அளக்காத எதையும் நம்பிப் பழக்கமில்லை.

அவர் மனைவி கோமளம் ஒரு நாள் காலையில் சமையலறையில் விழுந்தாள். பிறகு கண்ணைத் திறக்கவில்லை. இருபத்து மூன்று நாள் வென்டிலேட்டர் அவளுக்காக மூச்சு விட்டது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து அதை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிடத்துக்குப் பதினாலு. இருபத்து நாலாம் நாள் மருத்துவர்கள் ஒரு தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டார். இயந்திரத்தை நிறுத்தும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கை ஒரு தரம் இவர் விரல்களை இறுக்கிற்று.

"அது தன்னால நடக்கிறதுதான் ஐயா," என்றாள் நர்ஸ்.

இதை எல்லாம் முதல் நாளே அம்மையிடம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்.

"நான் கையெழுத்துப் போட்டப்போ அவ உள்ள இருந்தாளா, இல்லையா?"

அம்மை வாயிலிருந்த கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"குழி வெட்டுவீங்களா, சர்வேயர்?"

"வெட்டுவேன்."

"கார்த்திகை முடியப் போகுது. புழுவுக்குக் குழி வெட்டணும்."

அந்த இடத்தில் மண் கிடையாது. கல்லும் சரளையும்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மை அடிவாரத்துப் பண்ணை ஒன்றிலிருந்து ஈரச் சாக்கில் இரண்டு கை உரப்புழுவை எடுத்துக்கொண்டு, பேருந்தில் மடியில் வைத்தபடி மேலே வந்தாள். மாட்டுச் சாணத்தையும் காய்த்தோலையும் தின்று அந்தச் சிவப்புப் புழுக்கள் கழித்தது பாத்திகளில் மண்ணாயிற்று. ஆறு பேர் சாப்பிடுகிற உருளைக்கிழங்கும் முள்ளங்கியும் அந்த மண்ணில் விளைந்ததுதான். கோடையில் கொட்டில் ஓரத்துப் பெட்டிகளில் புழு சுகமாக இருக்கும். பனிக்காலத்தில் பெட்டியோடு உறைந்துபோகும். அதனால்தான் குழி.

"ஆறடி நீளம், மூணடி அகலம், நாலடி ஆழம்," என்றாள் அம்மை.

"எதுக்கு நாலடி?"

"மூணடி வரைக்கும் நிலம் கல்லாயிடும். அதுக்குக் கீழ குளிர் இறங்காது."

நான்கு நாள் வெட்டினார். முடித்துவிட்டு உள்ளே நின்று நிமிர்ந்து பார்த்தார். நாலு பக்கமும் செதுக்கிய சுவர். மேலே நீளமாக ஒரு துண்டு வானம்.

"அம்மை, இது புதைகுழி மாதிரி இருக்குது."

"அளவு சரியா?"

"சரியா இருக்குது."

"அப்ப மேல வாங்க."

அடியில் உலர்ந்த புல்லைப் பரப்பினார்கள். அதன்மேல் பாதி மக்கிய சாணம். அதற்குள் பெட்டிகளிலிருந்த புழுக்களை இருப்பிடத்து மண்ணோடு அள்ளிக் கொட்டினார்கள். மேலே புதுச் சாணமும் பச்சைக் கழிவும். அது அழுகும்போது பிறக்கிற சூடுதான் புழுக்களுக்கு அடுப்பு. பிறகு இடுப்புயரம் காய்ந்த இலை, சாக்கு, பழைய பஞ்சு ரஜாய்ப் போர்வைகள், எல்லாவற்றுக்கும் மேலே பலகை. ஓர் ஓரத்தில், உடைந்த அடுப்பின் புகைக்குழாய் ஒன்றைக் குழியின் நடுமட்டம் வரை இறக்கி நிறுத்தினாள் அம்மை.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சமையல்கட்டுத் தோலை வெதுவெதுப்பா இது வழியாப் போடுங்க. பலகையைத் தொடாதீங்க."

"எது வரைக்கும்?"

"பங்குனி வரைக்கும்."

"உள்ள உயிரோட இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

இரண்டு நாளில் பனி கொட்டிற்று. பலகைகள் இருந்த இடம் வெள்ளையாக, நீளமாக, லேசாகப் புடைத்துக் கிடந்தது. புகைக்குழாயின் வாய் மட்டும் வெளியே தெரிந்தது.

அடுத்த நாள் காலை தணிகாசலம் அங்கே போனபோது குழாயின் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. ஒரு மொத்தை வெளியே வந்தது. நின்றது. மறுபடி ஒரு மொத்தை. கையில் கடிகாரம் இருந்தது. பழக்க தோஷத்தில் எண்ணினார்.

நிமிடத்துக்குப் பதினாலு.

மறுநாளும் பதினாலு. காற்று வீசிய நாளிலும் பதினாலு. காற்றே இல்லாத நாளிலும் பதினாலு.

சமையல் பார்க்கும் ராக்கம்மாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனார். தேனிப் பக்கத்துப் பெண். தோலையும் தாளிப்பையும் தவிர வேறெதிலும் தலையிடாதவள். போர்வைக்குள்ளிருந்து கண்ணை மட்டும் நீட்டிப் பார்த்தாள்.

"எண்ணிப் பாரேன், எத்தனை வருதுன்னு."

"என்னத்த எண்ணுறது அண்ணே? ஒரே புகையா இழுத்துக்கிட்டுப் போகுது. விட்டு விட்டு வரலையே."

அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு மொத்தை வந்தது. நின்றது. மறுபடி ஒரு மொத்தை.

அதற்குப் பிறகு யாரையும் கூட்டிப் போகவில்லை. தனியாகப் போனார். வெள்ளிக்கிழமைதான் என்றில்லை, தினமும் போனார். பனியில் முழங்காலிட்டுக் குழாயில் காதை வைத்தார். ஈர அரிசியை யாரோ மெதுவாகக் களைவது போல ஒரு சத்தம் கேட்டது. நின்று, நின்று, மறுபடி களைந்தது. எத்தனை நேரம் அப்படி இருந்தோம் என்பது அவருக்கே தெரிவதில்லை. எழுந்திருக்கும்போது காது குழாயின் தகரத்தில் ஒட்டிக்கொண்டு தோல் உரிந்து வரும்.

தை மாதத்தில் ஒரு நாள் தோல் வாங்கச் சமையல்கட்டுக்குப் போனார். ராக்கம்மா கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அங்க யாரோட அண்ணே பேசுறீங்க?"

"நான் பேசலையே."

"நேத்து மாட்டுக்குத் தண்ணி வைக்க வந்தேன். வெத்தலை மடிச்சுத் தரட்டுமான்னு கேட்டீங்க. அப்புறம் சிரிச்சீங்க."

தணிகாசலம் வெற்றிலை போடுகிறவர் அல்ல. கோமளம் போடுவாள்.

அன்றைக்குத் தோலை வாங்காமலே திரும்பிவிட்டார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் மறுநாள் விடிந்ததும் கால் குழிப்பக்கம்தான் போயிற்று.

குழாயில் ஆவி இல்லை.

நின்று பார்த்தார். கடிகாரத்தில் ஒரு நிமிடம் ஓடிற்று. இரண்டு நிமிடம். பத்து நிமிடம். பனி வெள்ளையாகக் கிடந்தது. மாடு மட்டும் கொட்டிலில் கால் மாற்றி நின்றது.

அம்மை விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவர் ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பு பனியிலேயே தங்கிவிட்டது.

"மூச்சு நின்னுடுச்சு அம்மை!"

"எதுக்கு?"

"குழிக்கு. ஆவி வரலை. திறந்து பார்க்கட்டுமா?"

"திறந்து?"

"உயிர் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்குவேன்."

"தெரிஞ்சுக்கிட்டு?"

அம்மை அடுத்த கட்டையை எடுத்து நிறுத்தினாள்.

"போய் செருப்பைப் போடுங்க. விரல் போயிடும்."

நண்பகலில் மடத்தில் எல்லோரும் உள்ளே கூடி ஒரு மணி நேரம் மௌனமாக உட்காருவார்கள். அன்று தணிகாசலம் போகவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனார். தலைக்கு மேலே சூரியன் கண்ணைக் குத்திற்று. அதில் சூடு இல்லை.

பனியைத் தள்ளினார். பலகை வரைக்கும்தான் என்று நினைத்துக்கொண்டார். பலகையைத் தூக்கிய பிறகு ரஜாய் வரைக்கும் என்று நினைத்துக்கொண்டார். ரஜாயைப் புரட்டியபோது அதன் அடிப்பக்கம் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் அதை விட்டு எழுந்து போன மாதிரி.

அதற்கப்புறம் நிற்க முடியவில்லை. சாக்கை இழுத்துப் போட்டார். இலையை இரண்டு கையாலும் வாரி எறிந்தார். குழிக்குள் இறங்கினார்.

சாணத்தின் நடுவில் ஒரு மனிதத் தலை அளவுக்கு உருண்டையாக ஒன்று இருந்தது. செந்நிறமாக, ஈரமாக, ஆவி பறக்க. உற்றுப் பார்த்தபோது அது அசைந்தது. ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒன்றோடொன்று பின்னி, சூட்டைச் சுற்றிச் சுருண்டு, ஒரே உடம்பாகக் கிடந்தன. உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே, மிக மெதுவாக இடம் மாறிக்கொண்டிருந்தன.

வலது கையுறையைக் கழற்றினார். கையை உள்ளே விட்டார்.

மனித உடம்பின் சூடு. அது வழிவிட்டது. பிறகு நெருங்கி வந்தது. ஒவ்வொரு விரலையும் சுற்றி இறுக்கிற்று.

"கோமளம்," என்றார்.

கையை எடுக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லையா, அது விடவில்லையா என்று பிற்பாடு எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தார். மடத்துக்குள் மௌன நேரம் முடிந்து மணி அடித்தது அவர் காதில் விழவில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் போனது தெரியவில்லை. இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, விரல்களில் குளிர் ஏறிய பிறகுதான் தெரிந்தது. உருண்டையின் மேல்புறம் சர்க்கரை தூவியது போல வெளுத்திருந்தது.

உதறிக்கொண்டு எழுந்தார். கண்ணுக்கு நேரே புகைக்குழாய். அதன் வாயைக் கட்டை விரல் பருமனுக்கு ஒரு பனிக்கட்டி அடைத்திருந்தது. காலையில் ஆவி வராமல் போனதற்கு அவ்வளவுதான் காரணம்.

இலையை அள்ளிப் போட்டார். சாக்கைப் போட்டார். ரஜாய்கள் அதற்குள் பலகை போல விறைத்திருந்தன.

மறுநாள் காலை அம்மையைக் கூட்டிக்கொண்டு வந்து அவரே திறந்து காட்டினார். உருண்டை கறுத்து, கல்லாக உறைந்திருந்தது. அதன் நடுவில் ஐந்து துளைகள். கையை விட்டு எடுத்த அச்சு அப்படியே நின்றது. அவர் அதைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அன்னைக்கு உயிர் இருக்கான்னு தெரியாம நிறுத்தச் சொன்னேன். இன்னைக்குத் தெரிஞ்சுக்கப் போய்க் கொன்னுட்டேன். பன்னெண்டு வருஷத்துப் புழு. ஆறு பேரு சோறு. என்னைக் கீழ அனுப்பிடுங்க அம்மை."

"பாதை அடைச்சுக் கிடக்கு, சர்வேயர்."

அம்மை குழிக்குள் இறங்கிக் குனிந்து அந்த உருண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு விரலால் ஓரத்தைச் சுரண்டி, நகத்தில் ஏறியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அதை அங்கேயே துடைத்துவிட்டு மேலே வந்தாள்.

"மூடுங்க."

"செத்துப்போனதை எதுக்கு மூடணும்?"

"கொட்டில்ல புதுச் சாணம் இருக்கும். அதைப் போட்டு மூடுங்க. முன்ன மூடின மாதிரியே."

மூடினார். வெள்ளிக்கிழமை வந்தது. ராக்கம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் தோல் சட்டியை நீட்டினாள்.

"அம்மை குடுக்கச் சொல்லிச்சு," என்றாள். "என் இஷ்டமா இருந்தா மாட்டுக்குப் போட்டிருப்பேன்."

அவர் சட்டியோடு அம்மையிடம் போனார்.

"செத்ததுக்கு எதுக்கு அம்மை சாப்பாடு?"

"உங்களைச் சாப்பிடச் சொல்லலையே."

போட்டார். குழாயின் வாயில் அடைத்திருந்த பனியைக் குச்சியால் இடித்துவிட்டு, வெதுவெதுப்பான தோலைப் போட்டார். உள்ளே விழுந்த சத்தம் பொத்தென்று கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. அரிசி களையும் சத்தம் இல்லை. ஆவி இல்லை. காலடியில் ஆறடி நீளத்துக்கு ஒரு வெறுமை. பயமாகத்தான் இருந்தது. முன்பு அங்கே ஏதோ இருக்கிறது என்று பயந்தவர், இப்போது எதுவுமே இல்லை என்று பயந்தார்.

அடுத்த வெள்ளியும் போட்டார். அதற்கடுத்த வெள்ளியும். வாரம் ஒருமுறை புதுச் சாணத்தைப் பலகையின் நான்கு பக்கமும் அணைத்து வைக்கச் சொன்னாள் அம்மை. வைத்தார். கேட்பதை நிறுத்திவிட்டார். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்து அது எப்போதோ நின்றிருந்தது. அதையும் கவனிக்கவில்லை. நண்பகலில் எல்லோரோடும் போய் உட்கார்ந்தார். கைகள் மடியில் கிடந்தன. வலது கையை மட்டும் கொஞ்ச நாள் சால்வைக்குள் மறைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பழக்கமும் போயிற்று.

மாசி முடிகிற சமயம். தோல் போட்டுவிட்டுச் சட்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். ராக்கம்மா கொட்டில் வாசலிலிருந்து கத்தினாள்.

"அண்ணே! அண்ணே, அங்க பாருங்க!"

திரும்பினார். குழாயின் வாயில் நூல் மாதிரி ஓர் ஆவி எழுந்து கலைந்தது. காற்றா, கண்ணில் நீரா, சொல்ல முடியாத அளவுக்கு மெலிசு.

தணிகாசலம் அதைப் பார்த்தார். சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

"என்ன அண்ணே, பார்க்காமப் போறீங்க? போய்க் காதை வச்சுப் பாருங்களேன்!"

"சட்டி கழுவணும்மா," என்றார்.

பங்குனி இரண்டாம் வாரம் பாறைகளுக்கு இடையில் தண்ணீர் ஓடத் தொடங்கிற்று. ஒரு நாள் காலை அம்மை மண்வெட்டியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"திறங்க, சர்வேயர்."

"வேணாம் அம்மை. நீங்க திறங்க."

அம்மை அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தானே திறந்தாள். பலகை, ரஜாய், சாக்கு, இலை. உள்ளே உருண்டையைக் காணோம். அச்சைக் காணோம். குழியின் அடி முழுக்க, தேயிலைத்தூள் மாதிரி, கறுப்பாக, நெகிழ்ந்த மண். மழை நின்ற காட்டு வாசனை மேலே வந்தது.

அம்மை இறங்கி ஒரு கை அள்ளினாள். அவருடைய வலது உள்ளங்கையை இழுத்து அதில் வைத்தாள்.

மண்ணோடு மண்ணாகத் தேன் நிறத்தில் சில மணிகள் இருந்தன. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, எலுமிச்சம்பழத்தைச் சின்னதாகச் செய்து வைத்தது போல. பெரும்பாலானவை வெறும் கூடு. ஒன்றே ஒன்றின் முனை உடைந்து, அதிலிருந்து வெள்ளை நூல் ஒன்று வெளியே நெளிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கையில் இருந்தது முழுவதும் அசைவது தெரிந்தது. நூல் நூலாக, நிறமே பிடிக்காத குஞ்சுப் புழுக்கள்.

"இதுக... எங்கிருந்து வந்துது?"

"முட்டைக்கூடு. உறைஞ்சாலும் சாகாது."

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"கூடு இருந்தது தெரியும். பிழைக்குமான்னு தெரியாது."

அவர் கையை அசைக்கவில்லை. மூச்சுக்கூடப் பலமாக விடவில்லை. வெள்ளை நூல்களில் ஒன்று அவர் விரல் இடுக்கில் தலையை நுழைத்து, துழாவி, திரும்பி வந்தது.

"அம்மை."

"ம்."

"இதுக ஆத்தா அப்பன் எல்லாத்தையும் கொன்னது இந்தக் கைதான். இதுகளுக்கு அது தெரியுமா?"

அம்மை குழியிலிருந்து மேலே ஏறி, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"அதுகளுக்குப் பசிக்குது, சர்வேயர். இன்னைக்குத் தோலைப் பொடிசா நறுக்குங்க. வாய் சின்னது."